தானாகச் சரியாகும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை ஒரு பெண் வந்து, எங்கள் கிணற்றுக்குள் நூல் கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். பெயர் ஹபீபா. மதுரையிலிருந்து வந்திருக்கும் பொறியாளர், முப்பத்தைந்து வயதிருக்கும். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அடியில் தண்ணீர், மேலே ஒரு விரற்கடைக்கு மஞ்சளாக ஒன்று.

"மேல நிக்கிறது பெட்ரோல் டீச்சர்" என்றாள்.

எண்ணெய் நீரில் மிதக்கும், ஏனெனில் அதன் அடர்த்தி குறைவு என்று முப்பத்து நான்கு வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சொந்தக் கிணற்றில் நிரூபணம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். அவர்கள் பூமிக்கு அடியில் புதைத்த டாங்கி எப்போது ஓட்டையானது என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரலில்தான் எங்கள் வாளியில் வாடை வந்தது. அதிலிருந்து தெருவில் யாரும் கிணற்றுத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. இருபத்தேழு வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான்.

ஹபீபா கையில் ஒரு மீட்டர் வைத்திருந்தாள். காற்றில் பெட்ரோல் ஆவி இருந்தால் கூவுமாம். முன்கூடத்தில் பேசாமல் இருந்தது. என் கணவர் படுத்திருக்கும் பின்னறைக்குள் போனதும் கூவத் தொடங்கிவிட்டது. "இந்த ரூம்ல ஆள் படுக்கக் கூடாது டீச்சர்" என்றாள். கட்டில் வேறெங்கும் கொள்ளாது, கழிவறை இங்கேதான், முன்கூடத்துக்கு இரண்டு படி ஏற வேண்டும் என்று விளக்கினேன். புதுக் கருவிகள் சில சமயம் இல்லாததற்கும் கூவும்.

ஜூன் 5, வியாழன்

லாரி வரவில்லை. நேற்றைய இரண்டு குடத்தில் சமாளித்தேன்.

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்குச் செண்பகவல்லி வந்து இவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போனாள். கிழக்கே நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள்; தெரு முழுக்க அவள் மாவுதான். இரண்டு வருஷமாக, இவருக்குப் பக்கவாதம் வந்த மறுவாரத்திலிருந்து, ஒரு நாள் தவறாமல் வருகிறாள். நானாகக் கேட்டதில்லை.

"என்ன போஸ்ட்மாஸ்டர் சார், ராத்திரி நல்லா ஒறக்கமா?" என்று சத்தமாகக் கேட்பாள்.

"சரி" என்பார் இவர்.

பக்கவாதத்துக்குப் பிறகு இவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அது. தாகத்துக்கும் சரி, வலிக்கும் சரி, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி. தொனியை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன்.

செண்பகத்துக்கு ஒரே புலம்பல். "லாரித் தண்ணில மாவு பொங்கவே மாட்டேங்கு டீச்சர். மருந்து வாடை. என் கெணத்துல வாடையும் இல்ல ஒண்ணும் இல்ல, கல்கண்டு மாதிரித் தண்ணி கெடக்கு. அதத் தொடாதங்காவ!"

"கொஞ்ச நாள் பொறு" என்றேன்.

ஜூன் 14, சனி

அறிக்கை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நாற்பத்தொரு பக்கம். தெருச் சங்கத் தலைவர் அருணகிரி கொண்டுவந்து கொடுத்தார்.

"டீச்சரம்மா, நாங்க எல்லாரும் தலைப்பு வரைக்கும் படிச்சாச்சு. மிச்சத்த நீங்கதான் ஒரு தாள்ல தமிழ்ல எழுதித் தரணும். மொத்தம் நாலு வழியாம். தெரு எதுக்குக் கை தூக்குதோ அதத்தான் அதிகாரிங்க முதல்ல பாப்பாங்களாம்."

மத்தியானம் இவருக்கு வாசித்துக் காட்டினேன். யாருக்காவது விளக்கினால்தான் எனக்கும் விளங்கும்.

ஒன்று, தோண்டி எடுப்பது. அரிசி டின்னில் மண்ணெண்ணெய் சிந்திவிட்டால் நனைந்த அரிசியை அள்ளிக் கொட்டுகிறோம் அல்லவா, அதுபோல ஊறிய மண்ணை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு நல்ல மண் நிரப்புவது. அடுத்தது இறைத்துச் சுத்தம் செய்வது. சொட்டுநீலம் கூடிப்போன வேட்டியை அலசுவது மாதிரி: முதல் அலசலில் நிறையப் போகும், அப்புறம் எத்தனை அலசினாலும் கொஞ்சம் தங்கும். ஆனால் கெட்ட நீர் மேலும் பரவாமல் இழுத்துப் பிடிக்கும். மூன்றாவது, மண்ணுக்குள் காற்றை ஏற்றி ஆவியை உறிஞ்சுவது. பெயிண்ட் அடித்த அறையில் மின்விசிறியை ஓடவிடுவதைப் போல. எங்கள் மண் அடியில் களியாக இருப்பதால் காற்று புகாது என்று அறிக்கையே சொல்லிவிட்டது.

நான்காவதில் மண்ணைத் தொடுவதே இல்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பெட்ரோலை மெல்லத் தின்னும். அவ்வப்போது மண்ணில் இறக்கிய சோதனைக் குழாய்களில் நீர் எடுத்து அளவு பார்த்தால் போதும். இதற்கு உதாரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. செண்பகத்தின் மாவு! யாரும் கை வைக்காமல் தானாகப் பொங்குகிறதே.

தோண்டுவதையும் இறைப்பதையும் சேர்த்துச் செய்யலாம் என்பது ஹபீபாவின் பரிந்துரை. பன்னிரண்டாம் பக்கத்தில் வரைபடம். தோண்ட வேண்டிய இடத்தைச் சிவப்புக் கோடு சுற்றிவருகிறது. எங்கள் கிணறு, துவைகல், பின்னறை மூன்றும் கோட்டுக்குள். பன்னிரண்டு அடி ஆழம். எட்டு மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பதினாலாம் பக்கம் வந்தபோது இவருக்கு மாத்திரை நேரமாகிவிட்டது. காலி மாத்திரை அட்டையை அடையாளம் வைத்து மூடினேன்.

ஜூன் 16, திங்கள்

மகள் போன் செய்தாள். தாம்பரத்தில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. "அம்மா, அப்பாவ எப்படிம்மா ஏத்துறது?" என்று அழுதாள். நான்தான் சமாதானம் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

செண்பகத்தை இவரிடம் உட்கார வைத்து, மருந்துக் கடைக்கென்று சொல்லிவிட்டு மூன்று வாடகை வீடு பார்த்தேன். முதல் வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது. "யார் யார் இருப்பீங்க?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். "படுத்த படுக்கையா இருக்கவங்களுக்குக் குடுக்கிறதில்லீங்க டீச்சர். ஏதாவது ஆயிப்போச்சுன்னா அப்புறம் யாரும் குடிவர மாட்டாங்க." இரண்டாவது வீட்டிலும் அதே பதில், கொஞ்சம் மரியாதையாக. மூன்றாவது வீட்டு அம்மாள் என் மாணவிதான். கதவை முழுதாகத் திறக்காமலே, வீட்டைச் சொந்தக்காரர்களுக்கு வைத்திருப்பதாகச் சொன்னாள். பொய் சொல்லும்போது அவள் பள்ளியிலும் இடது காதைத்தான் தொடுவாள்.

மருந்து வாங்க மறந்துவிட்டேன். "எங்க டீச்சர் மாத்திரை?" என்றாள் செண்பகம். கடை பூட்டியிருந்தது என்றேன்.

ஜூன் 21, சனி

தாள் தயார். ஹபீபாவிடம் போனில் இரண்டு மூன்று சந்தேகம் கேட்டுத் தெளிந்துகொண்டு, மூன்று முறைகளையும் எழுதிவிட்டேன். நான்காவதன் பெயர்தான் தமிழுக்குள் வர மறுத்தது. அப்படியே மொழிபெயர்த்தால் 'கண்காணிப்புடன் கூடிய இயல்பான குறைவு.' ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடக் கொட்டாவி விடும். மூன்று பெயர் எழுதி அடித்தேன். கடைசியில் 'இயற்கை முறை' என்று எழுதினேன். சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். பக்கத்தில் மாவு உதாரணம்.

ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு காலம் ஆகும் என்ற கடைசிக் கட்டத்துக்குத் தாளில் இடம் இல்லை. விட்டுவிட்டேன். எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்களுக்குத் தெரியாது.

இவருக்கு வாசித்துக் காட்டி, "சரியா?" என்று கேட்டேன்.

"சரி" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

நான் வெளியே போக முடியாது என்பதால் தெருக்கூட்டம் எங்கள் முன்கூடத்திலேயே நடந்தது. ஹபீபா ஊரில் இல்லை. ஆளுக்கொரு நகல் கொடுத்தார் அருணகிரி.

எல்லோர் கண்ணும் நேராக நான்காவதுக்குப் போயிற்று.

"இயற்கை முறைன்னா கெமிக்கல் கெடையாதுல்லா?"

"எங்க மச்சான் இயற்கை வெவசாயம்தான். அந்த வெண்டக்காய தின்னு பாக்கணும்!"

"மண்ணுக்கும் நாட்டு வைத்தியம்தாம்யா நல்லது. இங்கிலீஷ் வைத்தியம் பண்ணுனா ஒண்ணு போயி ஒம்பது வரும்."

செண்பகம் எழுந்து நின்று பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "லாரிய வுட்டுப் பள்ளம் தோண்டி, டீச்சர் வீட்ட இடிச்சி, படுத்திருக்க மனுசன எங்க தூக்கிட்டுப் போவாக? மாவு மாதிரி தானா சரியாவும்னா அதான நல்லது? டீச்சர், எத்தன நாள்ல பொங்கும்?"

"பொறுமை வேணும்" என்றேன்.

இருபத்தேழு கை. பங்க் மேலாளர் வாசலில் நின்றிருந்தார். தங்களுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 24, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். இவர்தான் நெற்றியிலிருந்து இடது கையை எடுக்க மாட்டேன் என்கிறார். தலைவலியாக இருக்கும். வெயில்.

ஜூன் 27, வெள்ளி

ஹபீபா போனில். "டீச்சர், தெருக்காரங்க கையெழுத்து வந்திருக்கு. 'இயற்கை முறை'ன்னு போட்டிருக்கு. அப்படி ஒரு முறையை நான் எழுதலையே?"

மொழிபெயர்ப்பில் சில வசதிகள் வேண்டியிருக்கின்றன என்றேன்.

"எதைத் தேர்ந்தெடுக்கணும்னு நான் சொல்லக் கூடாது. தெரிஞ்சு தேர்ந்தெடுத்தாங்களான்னு மட்டும் கேட்கலாம். பதினாலாம் பக்கம் அவங்களுக்குத் தெரியுமா?"

"நானே இன்னும் அங்கே வரலியேம்மா."

"போன சனிக்கிழமை நீங்கதான் அந்தப் பக்கத்து அம்புக்குறி எந்தத் திசைன்னு எங்கிட்ட கேட்டீங்க டீச்சர்" என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் மறதி இயற்கை.

ஜூன் 29, ஞாயிறு

இந்த வாரமும் கோயிலுக்குப் போக முடியவில்லை. சன்னலைத் திறந்தால் பங்க் வாடை, மூடினால் தரையிலிருந்து வாடை. பாதி திறந்து வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் இவரைத் திருப்ப வந்த செண்பகம், கையில் ஒரு தூக்குச் சட்டி நிறைய மாவு கொண்டுவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"லாரித் தண்ணிய நிப்பாட்டிட்டேன் டீச்சர். அஞ்சு நாளா என் கெணத்துத் தண்ணிதான். எப்படிப் பொங்கிருக்கு பாருங்க, மூடியத் தள்ளிக்கிட்டு வருது!"

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நீங்கதான். தானா சரியாவும்னு எழுதிக் குடுத்தியள்லா."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளிப்பு வாசனைதான். வாடை தெரியும் முன்பே தண்ணீர் கெட்டுப்போயிருக்கலாம் என்று ஹபீபா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"எதுக்கும் லாரித் தண்ணியே வச்சுக்கோ செண்பகம்."

"ஏன்?"

சட்டியை மூடினேன். "நீங்க சும்மா பயப்படுதிய" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சட்டி மேசை மேலேயே இருந்தது. மத்தியானம் எனக்குப் பசியில்லை. சாயங்காலம் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, மேசையிலிருந்த அறிக்கையின் ஓரத்தை நனைத்தது. துடைப்பதற்காகப் புரட்டினேன். மாத்திரை அட்டை வைத்த பக்கம் திறந்துகொண்டது.

நான் ஜூன் பதினாலாம் தேதியே அதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். நிலத்தடி நீர் கிழக்கே ஓடுகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பெட்ரோல் எட்டு மாதத்துக்குள் நான்காவது வீட்டுக் கிணற்றை அடையலாம். தானாகக் குறைய பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் ஆகும்.

இருபத்தேழு வீட்டிலும் இன்று அந்த மாவில்தான் இட்லி.

ஜூலை 2, புதன்

காலை ஆறு மணிக்கே ஹபீபாவைக் கூப்பிட்டுச் செண்பகத்தின் கிணற்றைச் சோதிக்கச் சொன்னேன். அருணகிரியிடம் சொல்லி, இன்று யாரும் மாவு வாங்க வேண்டாம், எல்லோரும் ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வர வேண்டும் என்று தகவல் அனுப்பினேன்.

வந்தார்கள். செண்பகம் கதவருகில் நின்றாள். எட்டு மணிக்கு வந்தபோது, "என் மாவுல என்ன டீச்சர் கொற?" என்று கேட்டிருந்தாள். சாயங்காலம் எல்லோர் முன்பும் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் கோழைத்தனம்தான்.

"எல்லாரும் அந்தத் தாளை எடுங்க" என்றேன். "நாலாவது. 'இயற்கை முறை'யை அடிங்க."

"அடிச்சிட்டு என்ன எழுத டீச்சரம்மா?" என்றார் அருணகிரி, பேனாவோடு.

"ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருத்தல்."

சிலர் சிரித்தார்கள், நான் வேடிக்கை செய்கிறேன் என்று. "பக்கத்துல காலம்னு போடுங்க. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருஷம்" என்றதும் சிரிப்பு நின்றது. பதினாலாம் பக்கத்து வரைபடத்தைத் தூக்கிக் காட்டினேன். அம்புக்குறி எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். வகுப்பில் பாடம் நடத்தும் குரல் வரவில்லை.

"தெரியாம எழுதிட்டியளா டீச்சரம்மா?"

அருணகிரி நல்ல மனிதர். தப்பிப்பதற்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுதான்" என்றேன். "இவரைத் தூக்கிட்டுப் போக இடம் கிடைக்கல. மூணு வீடு பார்த்தேன்."

உள்ளே இவர் எதற்கோ "சரி, சரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செண்பகம்தான் வாய் திறந்தாள். "என் மாவையா டீச்சர் ஒதாரணம் சொன்னிய?"

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடி கை தூக்கினார்கள். தோண்டுவது, கூடவே இறைப்பது. இருபத்தைந்து கை. இருபத்தாறாவது என்னுடையது, கடைசியாக.

ஜூலை 3, வியாழன்

எட்டு மணிக்கு யாரும் வரவில்லை. நானே திருப்பினேன். பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

ஜூலை 4, வெள்ளி

வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

அதிகாரிகள் வந்து தெருவின் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்டில் தோண்டத் தொடங்க வேண்டும். ஜூலை இருபதுக்குள் நாங்கள் வெளியேற வேண்டும். எங்கே என்று அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தெருவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். 'இயற்கை டீச்சர்.' முப்பத்து நான்கு வருஷத்தில் பிள்ளைகள் வைத்த பெயர்களை விட இது பொருத்தமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஹபீபா முடிவு சொன்னாள். செண்பகத்தின் கிணற்றில் இன்னும் ஒன்றும் வரவில்லை. அவள் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் போட்ட சோதனைக் குழாயில் பெட்ரோல் வந்துவிட்டது.

இவர் முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. என்னால் சரியாகத் திருப்ப முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எட்டு மணி. நான் இவர் தோளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து இடுப்பைப் பிடித்தது. இருவருமாகத் திருப்பினோம். செண்பகம் முதுகைப் பார்த்தாள், பவுடரை எடுத்துப் போட்டாள்.

"இப்படியா புண்ணு ஆக வுடுவிய?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "எங்க போறிய?"

"தெரியல செண்பகம்."

"மூணு வீட்டுல கேட்டியளாம்லா?"

"கேட்டேன்."

"ஊரெல்லாம் போயிக் கேட்டிய. தெனமும் எட்டு மணிக்கு வாரவகிட்ட கேக்கல. வாழ்நாள் பூரா எல்லாரையும் கேள்வி கேட்டியளே டீச்சர், எங்கிட்ட ஒரு கேள்வி கேக்க வாய் வரலியா?"

"உன் வீட்டில் ஏது இடம்?"

"கிரைண்டர் ரூமு. லாரித் தண்ணிக்கு ஒரு கிரைண்டர் போதும், அத அடுப்படியில போட்டுக்கிடுதேன். கக்கூஸும் பக்கத்துலதான்."

"அவருக்கு ஏதாவது ஆயிட்டா..."

"ஆனா ஆவட்டும். மனுசன் ஏதாவது ஒரு வீட்டுலதான சாவணும்." பவுடர் டப்பாவை மூடினாள். "நாந்தான் சாவேனோ என்னமோ, ஒங்ககிட்டப் பாடம் கேட்டே."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இப்பம் இல்ல" என்றாள். "கோவம் அப்படியேதான் இருக்கு. அது குறைய வருசக்கணக்கா ஆவும். அதுவும் இயற்கை முறைதான், பாத்துக்கிட்டு இருங்க."

ஜூலை 19, சனி

கட்டிலோடு தூக்கினார்கள். அருணகிரி தலைமாட்டில், இன்னும் ஐந்து பேர். பின்னறைக் கதவு நிலையைப் பெயர்த்துதான் கட்டில் வெளியே வந்தது. எப்படியும் இடிக்கப்போகிற நிலை. இரண்டு வருஷமாக நான் அதைப் பெயர்க்கலாம் என்று நினைத்ததே இல்லை.

நான்கு வீட்டுத் தூரம். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கண் கூசியும் மூடவில்லை.

"சரி" என்றார் நடுத்தெருவில்.

"என்னத்த சரி? ஒண்ணுஞ் சரியில்ல" என்றாள் செண்பகம், கூடவே குடை பிடித்துக்கொண்டு.

எதற்காகச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததாக எழுதப்போவதும் இல்லை.

ஜூலை 23, புதன்

இங்கே மீட்டர் கூவவில்லை. ஹபீபா மூலை மூலையாகப் பார்த்தாள். நெற்றியிலிருந்து இவர் கையை எடுத்துவிட்டார். எடுத்து மூன்று நாள் ஆகிறது. அது வெயிலால் வந்த தலைவலி இல்லை.

செண்பகம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். தட்டில் இட்லி வைக்கும்போது எண்ணிக்கை கேட்பாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தோண்டத் தொடங்கிவிட்டார்கள். முதலில் துவைகல், பிறகு கிணற்றின் சுற்றுச்சுவர், பிறகு பின்னறை. பின்னறைத் தரையைப் பெயர்த்ததும் எழுந்த வாடையில் இயந்திரம் ஓட்டுபவரே கீழே இறங்கி நின்றுவிட்டார். இவர் கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் கீழே மண் கறுத்து மினுமினுத்தது. செண்பகமும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பிறகு அதன் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து, அறிக்கையின் பதினாலாம் பக்கத்திலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் போட்டேன்.